குறிப்புக் கட்டம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில், லேப்டாப் பையை அணைத்துக்கொண்டிருந்த முன் சீட்டு இளைஞன், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னான்: "ஒரே ஒரு கமாண்டுதான்க்கா. ஒரு பெரியவரை சாயங்காலம் வரைக்கும் பட்டினி போட்டுட்டேன்."

அவள் அவனுக்கு ஆபீசில் சீனியர் போலிருக்கிறது. "ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்லயா? என்னடா பண்ண?"

"நோயாளிங்க விவரம் இருக்குற டேபிள்ல 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நாம பண்ண புது ஸ்கிரீன்ல அதுக்கு இடமே இல்ல. சும்மா கெடக்குதுன்னு நெனச்சி, பழைய டேட்டாவ புதுசுக்கு மாத்துற மைக்ரேஷன் ஓட்டும்போது தூக்கிட்டேன்."

"உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கலையா?"

"பாக்கலைக்கா."

"ரோல்பேக் அடிச்சி பழையபடி கொண்டாறதுதானே?"

"அடிச்சேன். கட்டம் திரும்ப வந்துச்சு. உள்ள எழுதி வெச்சது ஒண்ணும் வரலை."

"பேக்கப்பு?"

"சின்ன வேலைதானேன்னு எடுக்கலை."

"பெரியவருக்கு என்ன ஆச்சு?"

"முகையூர்க்காரரு. ரத்த டெஸ்டுக்கு வெறும் வயித்தோட வந்துருக்காரு. மைக்ல மூணு தரம் கூப்ட்டு, ஆளு வரலைன்னு போட்டுட்டாங்க. அவரு முன் பெஞ்சிலயே உக்காந்துகினு இருந்தாராம்."

"ஏன், எழுந்து போவலையா?"

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. அவன் பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தான்.

"நர்சம்மா சொன்னப்பதான்க்கா எனக்கே தெரிஞ்சிது. அந்தக் கட்டத்துல அவங்க எழுதி வெச்சிருந்தாங்களாம். 'காது கேக்காது, கிட்டப் போய் தோளைத் தொட்டுக் கூப்பிடவும்'னு."