உபவாச முகாமின் மூன்றாம் நாள்

விடைத்தாள்களை நான் பச்சை மையில்தான் திருத்துவேன். சிவப்பு மை பிள்ளைகளை மிரளவைத்துவிடும் என்பது என் எண்ணம். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பழக்கம். ஒரு மாணவனிடம்கூட நான் குரலை உயர்த்திப் பேசியதில்லை, மேடம். கல்லூரியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வழக்கறிஞர் யாரும் வேண்டாம். என்னை யாரும் தேடவும் இல்லை. இன்று காலை வகுப்பு முடிந்ததும் நானாகத்தான் பஸ் ஏறி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். எட்டு மாதத்துக்கு முன்பு நீங்கள் விசாரித்து முடித்து வைத்த ஒரு மரணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்பரசன், வயது இருபத்தேழு. எங்கள் இறையியல் கல்லூரியில் எம்.டிவ். மூன்றாம் வருடம் படித்தவன்.

எம்.டிவ். என்பது ஒரு பட்டம் முடித்தவர்கள் சேரும் மூன்று வருடப் படிப்பு. போதகராகப் போகிறவர்கள் படிப்பது. அதில் தலைமைத்துவம் என்னுடைய பாடம். ஒரு சபையை எப்படி நடத்துவது, சண்டையை எப்படித் தீர்ப்பது, எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும், இவையெல்லாம். தலைமை என்பது கீழ்ப்படிதலில்தான் தொடங்குகிறது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். மூன்று வருடமும் அதையே வேறு வேறு வார்த்தைகளில் சொல்வேன்.

அன்பரசன் ஆம்பூர்க்காரன். அப்பா இல்லை. அம்மா சவுரியம்மாள் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவில் வேலை செய்கிறார். தோலுக்குச் சொல்யூஷன் தடவி ஒட்டும் வேலை. இவனும் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அதே கம்பெனியில் இரண்டு வருடம் சூப்பர்வைசராக இருந்தான். பிறகு அதை விட்டுவிட்டு எங்களிடம் வந்தான். நேர்முகத்தேர்வில் நானும் இருந்தேன். போதகராக வேண்டும் என்று ஏன் நினைக்கிறாய் என்று கேட்டபோது, "லைன்ல நிக்கறவங்க பேச ஆளில்லாம நிக்கறாங்க ஐயா. நான் பேசலாம்னு பாக்கறேன்" என்றான். நல்ல பதில். நான்தான் அதிக மதிப்பெண் போட்டேன்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை. மாத்திரையில் அடங்கும் சர்க்கரை இல்லை. தினமும் ஊசி போட்டாக வேண்டும். வேலூரில் அவனைப் பார்த்த டாக்டர் கொடுத்த கடிதம் சேர்க்கைப் படிவத்தோடு இருந்தது. எந்தக் காரணத்துக்காகவும் ஊசியை நிறுத்தக் கூடாது, சாப்பிடாத நாளில்கூட நிறுத்தக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்தவனும் நான்தான்.

இரண்டாம் வருடத்தில் மாணவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் சபைகளுக்கு அனுப்புவோம். ஆம்பூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சின்னச் சபை இருக்கிறது. ஷூ கம்பெனிப் பெண்கள்தான் அதிகம் வருவார்கள். அங்கே பதினோரு வருடமாக மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். அன்பரசனை அங்கேயே அனுப்பினேன். பாட்டுப் புத்தகம் எடுத்துக்கொடுக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று.

ஒரு ஞாயிறு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவனைப் பேசச் சொன்னேன். ராத்திரியெல்லாம் வலை போட்டு வெறுங்கையோடு திரும்பிய சீடர்களுக்காக ஆண்டவர் கரையில் மீன் சுட்டு வைத்துக் காத்திருந்ததைப் பற்றிப் பேசினான். "வேலை செஞ்சி களைச்சிப் போனவங்களுக்கு அவரு மொதல்ல இன்னா குடுத்தாரு? புத்தி சொன்னாரா? இல்ல. வாங்க, சாப்பிடுங்கன்னாரு" என்றான். அவ்வளவுதான். பதினைந்து நிமிடம். மூலமொழி விளக்கம் ஒன்றும் இல்லை, பின்னணி இல்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. பதினோரு வருடத்தில் நான் அந்தப் பக்கம் பார்த்தபோதெல்லாம் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

நான் சந்தோஷப்பட்டேன். ஆசிரியனுக்கு வேறென்ன வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துச் சபைச் செயலாளர் நவநீதன் கல்லூரிக்கு வந்தார். டீ வாங்கிக்கொடுத்தேன். டம்ளரைக் கீழே வைக்காமலே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. நம்ம பொம்பளைங்க எல்லாம் அந்தத் தம்பியே வரட்டும்னு கேக்கறாங்க. உங்களுக்கும் அலைச்சல் கம்மியாவும்."

"நல்லதுதானே" என்றேன். "அவனே வரட்டும்."

அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை, அவ்வளவுதான். அதில் வேறு அர்த்தம் எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் வருடம் ஏப்ரலில் உபவாச முகாம். இது என் பாடத்தில் கடைசித் தேர்வு மாதிரி. ஒடுகத்தூருக்கு மேலே மலையடிவாரத்தில் ஒரு தியான இல்லம் இருக்கிறது. போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. மூன்று நாள் உபவாசம், மூன்று நாள் மௌனம். ஆளுக்கு ஒரு அறை. ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, என்னிடம் மட்டும் பேசலாம். அந்த வருடம் பதினான்கு பேர். அன்பரசன் முன்கூட்டியே எனக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தான். டாக்டர் சொன்னபடி வேளாவேளைக்குக் கொஞ்சம் கஞ்சி குடிப்பேன், ஊசியும் போட்டுக்கொள்வேன், அனுமதி வேண்டும் என்று. அனுமதிக்கப்பட்டது என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை நீங்கள் அப்போதே பார்த்திருக்கிறீர்கள். என்னை நீங்கள் மேற்கொண்டு கேட்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

போய் இறங்கியதும் எல்லோரிடமும் போனை வாங்கி ஒரு பையில் போட்டேன். அவன் ஊசிகளை ஒரு சின்ன நீலப் பெட்டியில் வைத்திருந்தான்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு அன்பு. என் ரூம்ல ஃப்ரிட்ஜ் இருக்கு, அதுல வெச்சிடு" என்றேன்.

"தேங்க்ஸ் ஐயா" என்றான். அந்த ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு உண்டு. சாவி என் ஜிப்பாப் பையில் இருந்தது.

உங்களிடம் அன்றைக்கு நான் கொடுத்த வாக்குமூலத்தில், அவன் ஒருமுறைகூட மருந்து கேட்கவில்லை, விசுவாசத்தினால் தானாகவே விட்டுவிட்டான் என்று சொல்லியிருக்கிறேன். அது சரியில்லை. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

முதல் நாள் சாயங்காலம் வந்து கேட்டான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு ஒரு வேளை பொறுத்துப் பாரேன்" என்றேன்.

அவன் சிரித்தான். "இது பொறுக்கற விஷயம் இல்ல ஐயா."

"கேட்டேன், அவ்வளவுதான். நீ நம்பிக்கையப் பத்திப் பேசினா அந்தப் பொம்பளைங்க அழறாங்க. நீ பேசறதுல உனக்கே எவ்ளோ நம்பிக்கைன்னு நீ பாத்திருக்கியா?"

நான் கட்டளை போடவில்லை. ஒரு ஆசிரியன் கேட்கக்கூடிய கேள்விதான். அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டான்.

இரண்டாம் நாள் மத்தியானம் திரும்ப வந்தான். காலையில் குடித்த கஞ்சியை வாந்தி எடுத்திருந்தான். உதடு வெடித்திருந்தது.

"முடியல ஐயா. வாய் காய்ஞ்சி போவுது. பெட்டிய குடுங்க."

"சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. ஒடுகத்தூர் போயிருக்கார். வந்ததும் எடுத்துத் தர்றேன்" என்றேன்.

சாவி என் பையில்தான் இருந்தது என்று சொல்லிவிட்டேன் அல்லவா. அவன் நம்பினான். என்னை நம்பாமல் இருக்க அவனுக்குக் காரணம் எதுவும் இல்லை. வாசல் படியில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த பானையிலிருந்து தண்ணீர் எடுத்து எடுத்துக் குடித்தான். கழிவறைக்குப் போனான், வந்தான், மறுபடியும் குடித்தான். மற்ற மாணவர்கள் தாண்டிப் போகும்போது அவர்களை நிமிர்ந்து பார்த்தான். ஆனால் பேசவில்லை. மௌனம் என்று நான் சொல்லியிருந்தேன். நன்றாகக் கற்றுக்கொண்டவன்.

இந்த நோய் எனக்குத் தெரியாது என்று அப்போது சொல்லியிருந்தேன். அதுவும் சரியில்லை. என் மனைவி சுந்தரிக்குச் சர்க்கரை இருந்தது. பதினாறு வருடம் காலையிலும் சாயங்காலமும் நான்தான் அவளுக்கு ஊசி போட்டேன். ஒருமுறை காய்ச்சலில் இரண்டு நாள் ஊசி விட்டுப்போய், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். அதனால் அந்தத் தாகம் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருகிற மூச்சும் தெரியும். ஆழமாக, வேகமாக, ஓடி வந்தவன் மாதிரி. அதில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை இருக்கும். அந்தச் சாயங்காலம் அவன் பக்கத்தில் போய் நின்றபோது அந்த வாடை வந்தது. நான் அறைக்குத் திரும்பிச் சாயங்கால ஜெபத்துக்குப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் கதவில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. திறந்தேன். அன்பரசன் தரையில் இருந்தான். நடந்து வர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டும் தவழ்ந்தும் வந்திருக்கிறான்.

"நான் தோத்துட்டேன்னே எழுதிக்கோங்க ஐயா" என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "மார்க் வேணாம். ஊசி மட்டும் குடுங்க. அம்மாவுக்கு ஒரு போன் பண்ணுங்க."

நான் அவன் பக்கத்தில் மண்டியிட்டேன். அவன் தலையில் கை வைத்து ஜெபித்தேன். நீண்ட ஜெபம். அவனுடைய ஊழியத்துக்காக, அவன் அம்மாவுக்காக, அந்தச் சபைக்காக. நடுவில் ஒருமுறை என் மணிக்கட்டைப் பிடித்தான். பிறகு விட்டுவிட்டான். நான் ஆமென் சொன்னபோது அவன் சொல்லவில்லை. மூச்சு மட்டும் இருந்தது.

அவனை அவன் அறைக்குத் தூக்கிப் போய்ப் படுக்கவைத்தேன். ஆள் மெலிந்திருந்தான், சிரமமாக இல்லை. திரும்பி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து அந்த நீலப் பெட்டியை எடுத்தேன். ஊசிகள் எல்லாம் அப்படியே இருந்தன. பெட்டியை அவன் தலைமாட்டில், கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தேன். பிறகு குளித்தேன். ஒன்பது மணிக்கு மௌனம் முடியும் மணியை அடித்துவிட்டு, அன்பரசனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வா என்று ஒரு மாணவனை அனுப்பினேன்.

பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடிவந்தார்கள். காரில் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

இந்த வாக்குமூலத்தின் சாரம் இவ்வளவுதான், மேடம். மருந்து என்னிடம் இருந்தது. கொடுக்காவிட்டால் செத்துப்போவான் என்று எனக்குத் தெரியும். கொடுக்கவில்லை. வேண்டுமானால் இந்த மூன்று வரியைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள்.

அந்தப் பெட்டியை நான் தலைமாட்டில் வைத்தது என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் பார்த்தது என்ன? எட்டும் தூரத்தில் மருந்து, தொடாமல் படுத்திருக்கிறான். அடக்கத்துக்கு முன்பே பேச்சு பரவிவிட்டது. மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆண்டவரை நம்பிப் போனவன் என்று. ஆம்பூர் பஜாரில் பெரிய போஸ்டர். அந்தச் சபையில் பீடத்துக்குப் பக்கத்தில் அவன் போட்டோவைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். கல்லூரியின் புதிய அரங்கத்துக்கு அவன் பெயரை வைக்க ஆட்சிக்குழு தீர்மானம் போட்டிருக்கிறது. வேலைக்குப் போகும் முன்பு பெண்கள் அந்தப் போட்டோவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கோவிந்தம்மாள் என்று ஒரு அம்மா பி.பி. மாத்திரையை நிறுத்தி ஒரு பக்கம் கைகால் விழுந்து கிடக்கிறார். அன்பு தம்பி மாதிரி நானும் நம்பறேன் என்றாராம்.

அடக்கத்தன்று சவுரியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் சொல்யூஷன் காய்ந்து உரிந்திருந்தது.

"எம் புள்ளய கடைசியா பாத்தது நீங்கதான். அவன் இன்னா சொன்னான் ஐயா?"

"ஒண்ணும் கேக்கலம்மா. சமாதானமா போய்ட்டான்" என்றேன்.

அதை இப்போது அவர் சபை சபையாகப் போய்ச் சாட்சி சொல்கிறார். ஒண்ணும் கேக்காம போனான் எம் புள்ள என்று. கூட்டம் எழுந்து நிற்கிறது.

அவன் போன பிறகு அந்தச் சபையில் திரும்பவும் என்னையே பேசக் கூப்பிட்டார்கள். போன ஞாயிறு போனேன். நன்றாகத் தயாரித்துக்கொண்டுதான் போனேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மரியாதையாகக் கை தூக்கி, "அதெல்லாம் இருக்கட்டும் ஐயா. அன்பு தம்பியப் பத்திச் சொல்லுங்க" என்றாள். எல்லோர் முகமும் மலர்ந்தது. நான் சொன்னேன். அழுதார்கள். அந்தப் பதினைந்து நிமிடமும் அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை, மேடம். போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது பொய். ஒரு இறையியல் ஆசிரியன் பொய்யைச் சபையில் விட்டுவைக்கக் கூடாது. அவன் பரிசுத்தவான் இல்லை. மூன்று முறை கேட்டான். தவழ்ந்து வந்து கேட்டான். தோற்றுவிட்டேன் என்று அவனே, அவன் வாயாலேயே சொன்னான். எனக்கு என்ன தண்டனை கொடுப்பீர்களோ கொடுங்கள், அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் அவன் சொன்னதை மட்டும் வார்த்தை மாறாமல் எழுதி, அந்தச் சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

முடிந்தால் அதை நானே போய் வாசிக்கிறேன். அவர்களுக்கு என் குரல் பழக்கம்.