தப்பா எடுத்த அட்டை

ஐயோ, கையெல்லாம் குடுக்காதம்மா. வாழ்த்தும் சொல்லாத. உக்காரு முதல்ல, பஸ் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. பையை மடியில வெச்சுக்கோ, பெஞ்சு ஓரமெல்லாம் ஒரே ஈரம். கோவமா? உன்மேல எனக்கு என்ன கோவம். மேடம் கதவைத் திறந்து உங்க எல்லார் முன்னாடியும் என்னை அப்படிப் புகழ்ந்தாங்க இல்ல, அப்பவே எனக்குக் காது ரெண்டும் சுட ஆரம்பிச்சுடுச்சு. இன்னும் ஆறல. நீ என்னடான்னா ஓடி வந்து கை குடுக்கற.

நீதானே வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் ஆளு? போர்டுல ஒட்டினப்போ பாத்தேன். கடைசி சீட்டு எனக்கு, அடுத்த பேரு உனக்கு. அது தெரிஞ்சும் வந்து வாழ்த்து சொல்ற பாரு, உன் வயசுல எனக்கு இந்த மனசு கிடையாதும்மா. நானா இருந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு அடுத்த ஸ்டாப்புக்கு நடந்தே போயிருப்பேன்.

அப்புறம், ஆன்ட்டின்னு கூப்பிடாத. காலையிலேருந்தே சொல்லணும்னு இருக்கேன். வாசல்ல என்னைப் பாத்ததும், ஆன்ட்டி, கூட வந்தவங்க எல்லாம் அந்தப் பக்கம் உக்காரணுமாம்னு கத்தினியே, ஹால்ல இருந்த அத்தனை பொண்ணுங்களும் திரும்பிப் பாத்துச்சு. நானும் படிக்கத்தான்மா வந்திருக்கேன்னு சொன்னதும் உன் மூஞ்சி போன போக்கு இருக்கே! அட, சும்மா சொன்னேன், அதுக்குப் போயி மன்னிப்பெல்லாம் கேட்டுக்கிட்டு. அக்கான்னு கூப்பிடு, போதும்.

நானா? மருந்துக் கடையில பில் போடறேன். பி.காம். படிச்சுட்டு அந்தக் கல்லாவுல உக்காந்தவதான், இன்னும் எழுந்திருக்கல. நல்ல வேலைதான், குறை சொல்லக் கூடாது. மாத்திரை வாங்க வர்றவங்க பாதிப் பேரு டாக்டர்கிட்ட சொல்லாததை எல்லாம் எங்கிட்டதான் சொல்லுவாங்க. நான் என்ன செய்ய, மீதிச் சில்லறையை எண்ணிக்கிட்டே தலையை ஆட்டுவேன். இன்னிக்கு ஒருத்தியைப் பிடிச்சு உக்கார வெச்சு நான் கொட்டறேன் பாரு.

இந்த மாதிரி குழந்தைங்களுக்குச் சொல்லிக் குடுக்கற டீச்சர் படிப்பு எனக்கு ஏன்னு கேக்கறியா? நீ ஏன் வந்த, அதைச் சொல்லு முதல்ல. தம்பிக்கா? காது கேக்காதா, அடக் கடவுளே. அதை உள்ள சொன்னியா? சொன்னியா. அழுதுட்டியா? ம். இல்லம்மா, அழுததுல தப்பு ஒண்ணும் இல்ல. நீ உள்ளதை உள்ளபடி சொல்லிட்டு வெளியே வந்து நிக்கற. அதை நினைச்சாத்தான் எனக்கு உன் மூஞ்சியை நேரா பாக்க முடியல.

இரு, வரிசையா சொல்றேன். இது எனக்கு மூணாவது காலேஜ். முதல் காலேஜ்ல ஒரு சார் இருந்தாரு, ரொம்ப நல்ல மனுஷன். ஏம்மா இந்தப் படிப்புக்கு வர்றீங்கன்னு கேட்டாரு. நான் ஒண்ணு விடாம சொன்னேன். பொறுமையா கேட்டாரு, அவரே எழுந்து போய் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. குடுத்துட்டு, உங்களை மாதிரி ஆளுங்களுக்கு சனிக்கிழமை தனியா ஒரு வகுப்பு நடத்தறோம், காசு கிடையாது, அதுல சேந்துக்கோங்க, இது வேலைக்குப் போறவங்களுக்கான படிப்பும்மான்னு சொல்லி அனுப்பி வெச்சுட்டாரு. ரெண்டாவது காலேஜ்ல ஒரு அம்மா. அவங்க பட்டுனு போட்டு உடைச்சுட்டாங்க. உங்களை மாதிரி வர்றவங்க எல்லாம் பாதியில நின்னுடறீங்க, சீட்டு வீணாப் போகுதுன்னாங்க.

என்னை மாதிரின்னா? வயசான்னு கேக்கறியா? சரி, வயசுன்னே வெச்சுக்கோயேன் இப்போதைக்கு.

அதனால இந்தத் தடவை முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். வாயை அளந்து திறக்கணும்னு. மேடம் காலையில கேட்டாங்க, ஞாபகம் இருக்கா, உன்னையும் கேட்டிருப்பாங்க, உங்க வீட்டுல இந்த மாதிரி குழந்தைங்க யாராவது இருக்காங்களான்னு. இல்லைங்க மேடம்னேன். பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா, பேச்சு வராது, அவளைப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு இதுல ஆர்வம் வந்துச்சுன்னேன். நல்லா கோர்வையா வந்துச்சு. மேடம் சந்தோஷமா எழுதிக்கிட்டாங்க. அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக இவ்வளவு தூரம் வர்றவங்களைப் பாக்கறது அபூர்வம்னாங்க. நானும் அடக்கமா ஒரு சிரிப்பு சிரிச்சு வெச்சேன்.

அது வரைக்கும் ஒண்ணுமில்ல. மத்தியானம்தான்.

ஆமா, ஆளுக்கு ஒரு குழந்தையோட உக்கார வெச்சுப் பாக்கறோம்னு குழந்தைங்களை வண்டியில கூட்டிட்டு வந்தாங்களே, அது. நீ ஜன்னல்கிட்ட நின்னு, ஐ, எவ்வளவு குட்டியா இருக்காங்கன்னு சொல்லிட்டு இருந்த. நானும் எட்டிப் பாத்தேன். பாத்துட்டு நேரா பாத்ரூமுக்குள்ள போய்த் தாப்பாள் போட்டுக்கிட்டேன். ஆமா, முகம் கழுவிட்டு வர்றேன்னு உங்கிட்ட சொன்னேனே, அப்போதான். வீட்டுக்கே போயிடலாமான்னு பையைக்கூடத் தோள்ல மாட்டிட்டேன். அப்புறம் ஒரு அசட்டு தைரியம். அத்தனை குழந்தைங்க இருக்கு, அத்தனை பேரு வந்திருக்கோம், எனக்கு வேற ஏதாவது ஒண்ணு கிடைக்கும்னு வெளியே வந்தேன்.

ஏன் பயம்னா... இரும்மா, வர்றேன். உனக்கு யாரு வந்தா? விளையாட்டுக் கட்டையெல்லாம் தூக்கி அடிச்சானே அந்தக் குண்டுப் பையனா? நீ தரையில உக்காந்து ஒவ்வொண்ணா பொறுக்கினியாம், உள்ளே இருந்து வந்த பொண்ணு சொன்னா. அது போதும்மா, அதான் இந்த வேலையே. மார்க் போடறவங்களுக்கு அது கண்ணுல படல, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு பொண்ணு. எட்டு வயசு. உள்ளே அந்தக் குட்டி மேசை, ரெண்டு குட்டி நாற்காலி, மூலையில மேடமும் இன்னொரு சாரும் பேனாவோட. அந்தப் பொண்ணு கதவைத் தாண்டினதும் நேரா எங்கிட்ட வந்துச்சு. என் மணிக்கட்டைப் பிடிச்சு மோந்து பாத்துச்சு. அப்படியே திரும்பி, என் முழங்கால்ல முதுகைச் சாய்ச்சு உக்காந்துடுச்சு. மேடத்துக்கு வாயே மூடல. இந்தப் பொண்ணை வண்டியிலேருந்து இறக்கவே அரை மணி நேரம் ஆச்சு, யாரையும் கிட்ட சேக்கலன்னாங்க.

நான் தலையைத் தொடல. உள்ளங்கையில மெதுவா ரெண்டு தட்டு தட்டினேன். கட்டையை எல்லாம் இடது பக்கமா எடுத்து வெச்சேன், வலது பக்கம் வெச்சா அது பாக்காது. வாய்க்குள்ள சும்மா ஏதோ முணுமுணுத்தேன், அது கேட்டா அமைதியாகும். எப்படிங்க இது, வலது பக்கம் பாக்காதுன்னு நாங்க சொல்லவே இல்லையேன்னு அந்த சார் கேட்டாரு. என்ன சொன்னேன் தெரியுமா? உள்ளுணர்வு சார்னேன். கூசாம சொன்னேன்மா, அதுவும் குரலை ஒரு மாதிரி தாழ்த்தி.

அப்புறம் அட்டை. உன் பையனுக்கும் வெச்சாங்களா, அந்த நீளப் பட்டை, படம் போட்ட அட்டைங்க ஒட்டியிருக்குமே? தண்ணி, பந்து, பாத்ரூம், போதும், டீச்சர், அம்மா. நீ தூக்கிப் போட்டதைப் பொறுக்கறதுலயே இருந்திருப்ப. பேச்சு வராத குழந்தைக்கு அதான் பேச்சு. எந்த அட்டையைக் கையில குடுக்குதோ அதை உடனே குடுத்துடணும், அதுல விளையாட்டே கூடாது. நாம ஒரு தடவை ஏமாத்தினா, அட்டை எதுக்கு, குடுத்து என்ன புண்ணியம்னு அது விட்டுடும். தப்பான அட்டையை எடுத்தா மட்டும், திட்டாம, முகத்தை மாத்தாம, அதைத் திரும்ப ஒட்டிட்டு, குழந்தை கையைப் பிடிச்சு சரியானதுகிட்ட கொண்டு போகணும். அதைச் செய்யறோமான்னுதான் மேடம் பாத்துட்டு இருந்தாங்க.

பந்து அட்டை குடுத்துச்சு, பந்து குடுத்தேன். தண்ணி குடுத்தேன். அப்புறம் கை அந்தப் பட்டை மேலயே ரொம்ப நேரம் நின்னுச்சு. நானும் பாத்துட்டே இருக்கேன். மெதுவா அம்மா அட்டையைப் பிச்சுச்சு. என் உள்ளங்கையில வெச்சுது. வெச்சு என் விரலை ஒவ்வொண்ணா மடக்கி மூடுச்சு.

அந்த சார் சிரிச்சாரு. பாவம், இதுங்களுக்கு யாரைப் பாத்தாலும் அம்மான்னாரு. மேடம் பேனாவோட முன்னாடி சாய்ஞ்சாங்க.

என் மூஞ்சி மாறலம்மா. அதுக்குத் தனி மார்க். அட்டையைக் கையிலேருந்து எடுத்தேன், பட்டையில திரும்ப ஒட்டினேன். அது கையைப் பிடிச்சு டீச்சர் அட்டைகிட்ட கொண்டு போனேன். நான் டீச்சர் கண்ணுன்னேன். கையை உதறிட்டு திரும்ப அம்மாவையே எடுத்துச்சு. நானும் திரும்ப ஒட்டினேன். மறுபடியும் அதையே எடுத்துச்சு, ஆனா இந்தத் தடவை என் மூஞ்சியைப் பாத்துச்சு. அது யார் மூஞ்சியையும் அவ்வளவு நேரம் பாக்காது. நானும் சிரிச்ச முகமாவே ஒட்டினேன். அதுக்கப்புறம் அதுவா டீச்சர் அட்டையை எடுத்துக் குடுத்துச்சு. நான் கை தட்டினேன். கை தட்டணும்தானே, சரியா செஞ்சா உடனே தட்டணும்.

அதைத்தான் மேடம் வெளியே வந்து சொன்னாங்க. ஒரு குழந்தையோட தப்பை இவ்வளவு அழகா, இவ்வளவு பொறுமையா திருத்தினவங்களை இத்தனை வருஷத்துல பாத்ததில்லன்னு. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நீ ரொம்ப சத்தமா தட்டின.

ஆனா அவ தப்பா எடுக்கலம்மா.

வீட்டுல அவ பட்டையில அம்மா அட்டையில இந்த மாதிரி படம் கிடையாது, என் போட்டோதான். போட்டோ இருந்தாத்தான் எடுப்பா. கொண்டை போட்ட ஒரு பொம்மைப் படத்தைக் காட்டி இதுவும் அம்மாதான்னா அவளுக்குப் புரியாது, தூக்கி எறிஞ்சுடுவா. ஒரு வருஷமா அவங்க டீச்சர் அதுக்குத்தான் பாடுபடறாங்க. எந்தப் பட்டையைக் குடுத்தாலும், எந்த ஊருல விட்டாலும், அந்தப் படத்தை எடுத்து அம்மா வேணும்னு கேக்கத் தெரிஞ்சுட்டா போதும்னு நானும் நித்தம் ராத்திரி உக்காந்து பழக்கினேன். நடக்கல. இன்னிக்கு அந்த ரூம்ல நடந்துச்சு. மூணு தடவை.

அழாத. நீ ஏன் அழற, நானே அழல. அவ தினமும் போற சென்டர்ல இன்னிக்கு வெளியே கூட்டிட்டுப் போறோம், சாப்பாடு கட்டி அனுப்புங்கன்னாங்க. பார்க்குக்குன்னு நினைச்சு தொப்பி வேற போட்டு அனுப்பினேன். காலையில விடறதும் சாயந்திரம் கூப்பிடறதும் அவங்க அப்பாதான், கூட வந்த டீச்சரும் புதுசு, அதனால யாருக்கும் என்னைத் தெரியல. தெரிஞ்சவ ஒருத்திதான். அவளுக்கும் பேச்சு வராதது எவ்வளவு சௌகரியமாப் போச்சு பாரு எனக்கு. அதை அந்த நிமிஷமே நினைச்சேன்மா. நல்லவேளை, இவளுக்குப் பேச வராதுன்னு. பெத்தவ நினைக்கிற நினைப்பா அது?

மேடம்கிட்ட போய் சொல்லணும்தான். சொன்னா சீட்டு உனக்கு. நீயே போய் சொன்னாலும் நான் உன்னை ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன், அதுக்காகவும்தான் சொன்னேன்னு வெச்சுக்கோ. ஆனா சத்தியமா சொல்றேன், எனக்கு அந்த சீட்டு வேணும். வெக்கத்துல நெஞ்சு எரியுது, அதோட சேத்து வேணும். எனக்கப்புறம் அவளைப் பாத்துக்கறவங்களுக்கு அவளை எப்படிப் பாத்துக்கணும்னு சொல்ற இடத்துல நான் இருக்கணும். அம்மாவா சொன்னா யாரும் காதுல போட்டுக்கறதில்ல, சனிக்கிழமை வகுப்புக்கு வான்றாங்க.

உன் பஸ் வந்துடுச்சு பாரு. எழுந்திரு, கண்ணைத் துடை. நானா? எனக்கும் அதே பஸ்தான். முன்னாடி போன ரெண்டும்கூட அதேதான். நீ போம்மா, நான் அப்புறம் வர்றேன். காலையில நான் கடைக்குக் கிளம்பினா தினமும் அவ ஊரைக் கூட்டுவா, முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டா, அவங்க அப்பாதான் பிரிச்சு எடுப்பாரு. சாயந்திரம் வண்டி கிளம்பும்போது நான் படியிலதான் நின்னுட்டு இருந்தேன், இப்ப கத்தப் போறா, எல்லாம் வெளியே வரப்போகுதுன்னு. கத்தல. தினமும் சென்டர்லேருந்து கிளம்பும்போது டீச்சருங்களுக்குக் கை ஆட்டுவான்னு அவங்க அப்பா சொல்வாரு, அதே மாதிரி ஜன்னல் வழியா எனக்கும் ஆட்டிட்டுப் போயிட்டா.