முந்தானைல முடிஞ்ச தூசி

சிரிக்காதீங்கண்ணா. காத்த கழுவுற மிசினு கீதான்னு கேட்டா உங்களுக்கு சிரிப்பாத்தான் இருக்கும். நானா கேக்கல. காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரில டாக்டரம்மா சொன்னாங்க. ஃபாரின்ல அப்டி ஒரு பொட்டி கீதாம். ரூமுக்குள்ள வச்சி சுச்சப் போட்டா, அழுக்குக் காத்த உள்ள இஸ்து, தூசிய மட்டும் புடிச்சி வச்சிகினு, நல்ல காத்தா வெளிய வுடுமாம். சொல்லிட்டு அந்தம்மாவே, அதெல்லாம் இங்க எங்க கெடைக்கப் போவுது, நீ மொதல்ல பொண்ண அந்த எடத்த வுட்டு கூப்ட்டுகினு போன்னுட்டாங்க. பின்பாதி என் காதுல ஏறல. முன்பாதிதான் ஏறிச்சி. அதான் வாலாஜாபாத் பஜார்ல கடகடயா ஏறி எறங்கிகினு வரேன். மத்த கடைல எல்லாம் இல்ல போம்மான்னுட்டாங்க. நீங்க ஒருத்தராச்சும் ஸ்டூல இழுத்துப் போட்டீங்க.

டேபிள் ஃபேனா? வேணாண்ணா. அது வூட்ல ஒண்ணு கீது. அத்தப் போட்டா இந்த மூலைல கெடக்குற தூசிய எடுத்து அந்த மூலைல போடுது, அந்த மூலைலேர்ந்து எடுத்து எம்பொண்ணு மூஞ்சில போடுது. வேற இன்னா கீது? சின்ன ரூமுண்ணா. ஒரு கயித்துக் கட்டுலு போட்டா காலு வைக்க எடம் மிச்சம், அவ்ளோதான். பெரிய கம்பெனி சரக்கெல்லாம் வேணாம். இருக்கறதுலயே கம்மி வெலைல, ஒழுங்கா ஓடறதா ஒண்ணு காட்டுங்க.

இதுவா? எக்சாஸ்ட் ஃபேனா. ஓட்டலு அடுப்பங்கரைல மாட்டியிருப்பாங்களே, எண்ண வழிஞ்சிகினு, அதுவா. போடுங்க பாப்போம். யப்பா! இது ஃபேனா, மாவு மிசினா? கம்மி வெலன்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்ன்றீங்க. சரி. சத்தத்தப் பத்தி நா பேசக்கூடாது, நாங்க குந்திகினு இருக்கற எடம் அப்டி. எனுக்கு வேற ஒரு டவுட்டுண்ணா. இது உள்ள இருக்கற காத்தப் புடிச்சி வெளிய தள்ளும். சரி. தள்னா அந்த எடத்துக்கு வேற காத்து எங்கேர்ந்து வரும்? ஜன்னல் வழியாத்தான? எங்க ஜன்னலுக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னு உங்களுக்குத் தெரியாதே.

கிரஷருண்ணா. ஜல்லி ஒடைக்கிற மிசினு. ஒரகடம் ரோட்ல போனீங்கன்னா மலைய பாதி அறுத்து வச்சிருக்கான் பாருங்க, அதுக்கு அடிலதான் எங்க ஊரு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வருது கம்பெனி வருதுன்னு எல்லாரும் பில்டிங் கட்றாங்க இல்ல, அதுக்கு ஜல்லி எங்க வூட்டுக் கொல்லைலேர்ந்துதான் போவுது. காலைல போட்ட கோலம் மத்தியானம் தெரியாது. வேப்ப மரம் வெள்ளையா நிக்குது. தண்ணி தெளிச்சி ஒடைக்கணும்னு ரூலு கீதாம், ஆபீசருங்க ஜீப்பு வந்தா மட்டும் தெளிப்பான். எலெக்சனுக்கு ஓட்டு கேக்க வந்தவங்ககிட்ட சொன்னோம். ஜெயிச்சதும் மொத வேல அதான்னாங்க. வந்த வேன் கண்ணாடிய தொடச்சிகினு போய்ட்டாங்க.

எம்பொண்ணு பேரு கலைமணி. பதிமூணு வயசு. ஸ்கூல்ல கோகோ ஆடுவா, அவள தொட முடியாது. இப்ப கெணத்தாண்டேர்ந்து வூட்டுக்கு வரதுக்குள்ள குந்திடுறா. இழுப்பு வந்துச்சின்னா தோளு ரெண்டும் காதாண்ட ஏறிக்கும். கழுத்துக் குழி உள்ள போயி உள்ள போயி வரும். பேச வராது, என் கைய மட்டும் புடிச்சிக்குவா. ஜன்னல மூடுனா புழுக்கத்துல இழுக்குது, தொறந்தா தூசில இழுக்குது. கோணிப்பைய நனைச்சி ஜன்னல்ல தொங்க வுட்டுப் பாத்தோம். காஞ்சதும் அதுவே ஒரு கூடை தூசி கொட்டுது. ஒரு நாளு டாக்டரம்மா மொகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க, இன்னொரு மழக்காலம் அங்கியே வச்சிருந்தா இந்தப் பொண்ணு உனுக்கு இல்லன்னு.

கிரஷர ஊருக்குள்ள யாரு வுட்டதா? நல்லா கேட்டீங்க. மலை கவுருமெண்டுது, அவன் ஏலம் எடுத்துட்டான். எடுத்து இன்னா பண்றது, லாரி போவ வழி வேணாமா? சுத்திலும் பட்டா நெலம். எங்க ஊர்ல எதுக்கும் ஒத்துப் போவாதவன் எல்லாம் அதுல மட்டும் ஒண்ணா நின்னானுங்க, ஒருத்தனும் வழி குடுக்கறதில்லன்னு. எங்க வூட்ட ஒட்னாப்ல ஒரு துண்டு நெலம். எங்கப்பா என் கல்யாணத்தப்போ எனுக்குன்னு வாங்குனது. நாளைக்கு மாப்ள எப்டியோ, காலம் எப்டியோன்னு யோசிச்சி, எங்கண்ணன் பேர்ல எழுதிட்டு செத்துப் போனாரு. அந்தத் துண்டு வழியாத்தான் இன்னிக்கி டிப்பர் லாரி போவுது. கையெழுத்துப் போட்டுக் குடுத்தது எங்கண்ணன்.

ஆமாண்ணா, கூடப் பொறந்தவருதான். எங்க வூட்டுக்காரரு வந்துதான் சொன்னாரு. வெளிய போய்ட்டு வந்தவரு, சட்டைய கூட கழட்டல, செவுத்துல சாஞ்சி தலைல கை வச்சிகினு குந்திட்டாரு. உங்கண்ணன் வேலைய பாத்தியா காவேரி, ஊரு மூஞ்சில எப்டி முழிப்பேன்னாரு. ஊரும் எங்க வூட்டாண்ட பேச்ச நிறுத்திச்சி. எனுக்கு எப்டி இருந்திருக்கும்? சின்ன வயசுல எனுக்கு ஒரு முள்ளு குத்துனா கூட தோள்ல தூக்கிகினு ஓடுன ஆளு. அந்த ஆளு எம்பொண்ணு மூச்ச வித்துட்டாரேன்னு வவுறு எரிஞ்சி போச்சி.

சும்மா வுட்ருவனா? கட்டுலுக்கு அடில பெருக்குன தூசிய அப்டியே முந்தானைல முடிஞ்சேன். பஸ்சு ஏறி ஸ்ரீபெரும்புதூரு போயி, அங்கேர்ந்து பிள்ளைப்பாக்கம். எங்கண்ணன் வாசல்ல நின்னு தெருவே பாக்க, முடிச்ச அவுத்து ரெண்டு கையாலயும் வாரித் தூத்துனேன். எம்பொண்ணு இழுக்கற மூச்சு ஒவ்வொண்ணும் உன் குடும்பத்துக்கு வந்து சேரட்டும், நீ நாசமா போ, மண்ணாப் போன்னேன். பொறந்த வூட்டுக்கு மண்ணு தூத்தக் கூடாதுன்னு எனுக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் தூத்துனேன்.

அவரு இன்னா பண்ணாரா? நின்னாருண்ணா. மண்ணு தலைலயும் மீசைலயும் கீது, தொடைக்கக் கூட இல்ல. எங்கண்ணி ரத்னா வாசக்காலாண்ட வந்து, காவேரி, உனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆரமிச்சிது. இவரு திரும்பி ஒரு பார்வ பாத்தாரு. அது வாயப் பொத்திகினு உள்ள போய்டுச்சி. அப்பறம் எங்கிட்ட, வெயில்ல வந்திருக்க, உள்ள வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போம்மான்னாரு. அந்த நெஞ்சழுத்தத்தப் பாத்து எனுக்கு இன்னும் ஏறிச்சி. காறித் துப்பிட்டு வந்துட்டேன்.

அப்பறம் எம்பொண்ணு பெரிய மனுசியானா. தாய்மாமன் சீரு வரணும் இல்ல? வந்தாரு. தட்டு, பட்டுப் பாவாட, பழம், அண்ணி தலைல ஒண்ணு, இவரு தலைல ஒண்ணு. தெருமுனைலயே நின்னு திருப்பி அனுப்ச்சேன். தட்டு தலைல இருக்க, லாரி கெளப்புன புழுதிக்குள்ள ரெண்டு பேரும் திரும்பி நடந்து போனாங்க. எம்பொண்ணு உள்ளேர்ந்து மாமா மாமான்னு அழுவுது. அவ வாயில ஒண்ணு வச்சேன்.

எங்க வூட்டுக்காரரா? அவர குத்தமே சொல்ல முடியாதுண்ணா. கோணிப்பைய நனைச்சி மாட்னது அவருதான். ஒரு மொபெட்டு வாங்குனாரு, சீட்டு எடுத்தேன்னு சொன்னாரு. அந்த வண்டிலதான் பொண்ண நடுவுல குந்த வச்சி, நா பின்னாடி புடிச்சிகினு, எத்தினி வாட்டி காஞ்சிபுரம் ஓடியிருப்போம். மேடு வந்தா எறங்கித் தள்ளுவாரு. இந்த மனுசனுக்கு வாக்கப்பட்டதுக்கு குடுத்து வச்சிருக்கணும், பொறந்த எடம்தான் நமுக்கு வெசமா போச்சின்னு சாமி மாடத்துக்கு முன்னாடி நின்னு சொல்லுவேன். மெய்யாலுமே சொல்லுவேன்.

இருங்க, அந்தப் பக்கம் மாட்டியிருக்கீங்களே, அது இன்னா சைசு? ஒம்போது இஞ்சா. இது சத்தம் பரவால்ல. நிறுத்துனா வெளிலேர்ந்து காத்து உள்ள வராம தகடு மூடிக்குமா? தானாவா? ம். நல்லாத்தான் கீது.

போன வாரம் கிரஷர் சூப்பர்வைசரு வந்தான். எல்லப்பன்னு பேரு. எங்க வூட்டுக்காரரு அப்ப வெளிய போயிருந்தாரு. வெயில்ல வந்தவன், விரோதியா இருந்தாலும் வாசலுக்கு வந்துட்டானேன்னு மோரு குடுத்தேன். குடிச்சிகினே சொல்றான், பெரிய லாரி வரப் போவுதும்மா, வழி இன்னும் கொஞ்சம் அகலம் வேணும், அண்ணன்கிட்ட சொல்லி வைங்கன்னான். எந்த அண்ணன்கிட்ட, எனுக்கும் அந்தாளுக்கும் பேச்சே இல்லன்னேன். உங்க அண்ணன இல்லம்மா, உங்க வூட்டுக்காரரதான் சொல்றேன், போன வாட்டியும் அவருதான வந்து வழி வேணுமான்னு எங்கள கேட்டாரு, அவருதான உங்க அண்ணன இட்டாந்தாருன்னான். டம்ளர வச்சிட்டு இன்னும் சொல்றான். பாவம்மா அந்தாளு, லேசுல ஒத்துக்கல. கையெழுத்து போடலன்னா உன் தங்கச்சியையும் அவ பொண்ணையும் நாளைக்கே உன் வாசல்ல கொண்டாந்து தள்ளிடுவேன்னு உங்க வூட்டுக்காரரு சொன்ன பின்னாடிதான் போட்டாரு. போட்டுட்டு எங்க ஆபீஸ் பெஞ்சிலயே குந்தி அழுதாருன்னான். எனுக்குத் தெரியும்னு நெனச்சிகினு சொல்றாண்ணா, அவன் மேல தப்பு இல்ல.

மொபெட்டுதான் கூலி. வேற இன்னா. எந்த வண்டில எம்பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு ஓடுனேனோ, அந்த வண்டி.

கேட்டேனே. சோறு போட்டு வச்சிட்டுத்தான் கேட்டேன். மொதல்ல இல்லன்னாரு. அப்பறம் ஆமான்னாரு. மிசினு மலைக்கு அந்தாண்ட வரும்னு சொன்னாங்க, இப்டி ஆவும்னு யாரு கண்டான்னாரு. சரி, அது போவட்டும். எங்கண்ணன் மேல ஏன்யா போட்டன்னேன். உங்கிட்ட உண்மைய சொன்னா நீ என்ன சும்மா வுடுவியான்னு கேட்டுகினே சோத்துல மோர ஊத்திக்கறாரு. அப்பறம் சொல்றாரு, இப்ப இன்னா குடி முழுவிப் போச்சி, வாலாஜாபாத் போயி தூசிய இழுக்கற மாதிரி ஒரு ஃபேனு வாங்கியாந்து மாட்டு, எல்லாம் சரியாப் போவும்னு. துட்டும் குடுத்தாரு. அத்த அந்த சாமி மாடத்துலயே வச்சிட்டு வந்துட்டேன். இது நா சொசைட்டிக்கு பாலு ஊத்துன காசுண்ணா, எண்ணிக்கங்க.

அந்த ஒம்போது இஞ்சயே குடுங்க. இல்லண்ணா, தூசிக்கு உதவாதுன்னு எனுக்கும் புரிஞ்சிடுச்சி. இது அந்த வூட்டுக்கு இல்ல. அதோ, பஸ்சு ஸ்டாப்புல தகரப் பொட்டி மேல குந்திகினு கீது பாருங்க, பச்சப் பாவாட, அதான் எம்பொண்ணு. நாங்க பிள்ளைப்பாக்கம் போறோம். எங்கண்ணன் வூட்ல அடுப்பங்கரைய ஒட்டி ஒரு சின்ன ரூமு. நா பொறந்ததே அதுலதான். சவுக்கு மெளாறு எரிப்பாங்க, பொக பூரா அங்கதான் ரொம்பும். ஆனா இந்தாண்ட ஜன்னலத் தொறந்தா ஏரிக் காத்து. பொகைய மட்டும் இது வெளிய தள்ளிட்டா, உள்ள வரது நல்ல காத்தா இருக்கும் இல்ல? அதுக்குத்தான் கேட்டேன், எங்கேர்ந்து வரும்னு.

வரோம்னு அவருக்குச் சொல்லல. எந்த வாயால சொல்றது? சேத்துப்பாரா, மாட்டாரான்னு பஸ்சுல போவும்போது யோசிச்சிக்கறேன். ஆனா நா மண்ணு தூத்துன வாசலுண்ணா அது. வெறுங்கையோட போயி எப்டி நிக்கிறது?

பேரா? வாரண்டி சீட்டுக்கா? எங்க வூட்டுக்காரரு பேர வாயால சொன்னதில்ல நானு, ரேசன் கடைல கூட பக்கத்துல இருக்கறவங்கதான் சொல்லுவாங்க. பலராமன். பாத்தீங்களா, இப்ப சொல்ல வருது. அந்தப் பேரு வேணாம், அடிச்சிருங்க. கோதண்டம்னு எழுதுங்க. எங்கண்ணன் பேரு. நல்லா சணல் போட்டு இறுக்கிக் கட்டுங்கண்ணா, கூட்டத்துல இடிபடும். பொறந்த வூட்லேர்ந்து சீரு வாங்குறவங்களத்தான் பாத்திருப்பீங்க, எடுத்துகினு போறவள இன்னிக்கு பாத்துக்கங்க.