தட்டை அடிக் கப்பல்

தேயிலைப் பெட்டி அடித்துப் பழகிய கைக்குக் கப்பல் ஒன்றும் பெரிய வேலையில்லை ஐயா.

டயகமப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு நூறு வயதாகும் விழா. பாட்டன்மாரை அக்கரை இந்தியாவிலிருந்து ஏற்றி வந்த இரட்டைப் பாய்மரக் கப்பலைப் போல ஒன்று செய்யச் சொல்லித் தோட்டத் துரை படம் கொடுத்தார். பழையதற்கு வயிறு ஆழம். அடியில் கல் அடுக்கியிருப்பார்கள். ஆட்களை ஏற்றி இதை விடப்போகிற எங்கள் குளம் இரண்டு ஆள் ஆழம்தான். அதனால் அடியைத் தட்டையாக்கினேன். பாய்மரத்தை மட்டும் துரை குறைக்க விடவில்லை, பார்வைக்கு வேண்டுமாம். பழையதில் ஆட்களை இருட்டில் அடைத்தார்கள். இதில் காற்று வர நான்கு ஜன்னல். சாயாமல் இருக்கப் பலகைக்கு அடியில் நாற்பது இரும்புக் கட்டி வைத்தேன்.

எனக்கு ஒரே மகள் பூரணி. அவள் புருஷன் செல்லசாமி அவளோடு இந்தியாவுக்கே போய்விட எழுதிக் கொடுத்திருந்தான்.

"மூஞ்சிய இப்புடி வச்சுக்கிட்டா எப்புடி மாமா? கடுதாசி போடுறோம். ஒங்களுக்குத்தான் இந்த வயசுல எழுத்து வந்துருச்சே."

"கடல்ல ஏதாச்சும் ஆனா?"

"இப்ப உள்ளது இரும்புக் கப்பலு மாமா. அசையாது."

பூரணியும் சிரித்தாள். "நீங்களும் வாங்களேம்ப்பா."

என் அம்மா, வரும் வழியில் கப்பலிலேயே செத்துப்போன என் அண்ணனைத் துணியில் சுற்றிக் கடலில் விட்டுவிட்டு வந்தவள். அந்தப் பயம் எனக்கு இருந்தது, பூரணிக்கு இல்லை. அதைக் கொடுக்க நினைத்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் பட்டப்பகலில் இரும்பையெல்லாம் எடுத்துவிட்டு, மரச்சீவலைக் கொட்டிப் பலகை அடித்தேன். தச்சனை யார் கேட்பார்கள். கொஞ்சம் சாயும், உள்ளே இருப்பவர்கள் அலறுவார்கள், கரையில் நிற்கிற பூரணி பார்ப்பாள். அவ்வளவுதான்.

விழா அன்று கம்பளி போர்த்தி, அந்தக் காலத்து ஆட்கள் மாதிரி பதினொரு பேர் உள்ளே உட்கார்ந்தார்கள். பாயை விரித்ததும் மலை இடுக்கிலிருந்து காற்று வந்தது. கப்பல் மெதுவாகப் படுத்தது. அந்த ஜன்னல்கள் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போனது. ஏழு பேர் மேலே வரவில்லை, அதில் செல்லசாமியும் ஒருவன். மலையில் பிறந்தவனுக்கு நீச்சல் ஏது.

கப்பலில் ஏறும் ஆட்களின் பட்டியலில் அவன் பெயரை எழுதியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். முதல் பெயராக எழுதினேன். கையெழுத்து திருந்திவிட்டதென்று கணக்கப்பிள்ளை சொன்னார்.

பூரணி இந்தியாவுக்குப் போகவில்லை. நீங்கள் என்னைப் பிடிக்க வரும்வரை என் லயக் காம்பரா அறையில்தான் இருந்தாள். நான் கிட்டப் போனால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்குவாள். கப்பலுக்குப் பயந்துவிட்டாள், பாவம்.