உன் பொண்ணு வாந்தி எடுக்கறா

ஐயோ, அந்த சோபால உக்காராதீங்க, இன்னும் காயல. மொத வாந்தி அதுமேலதான். இப்பிடி நாற்காலிக்கு வாங்க. பழமெல்லாம் எதுக்குங்க? ஒண்ணரை வயசுப் புள்ள, ராத்திரிலேர்ந்து வயித்துப்போக்கு வேற, இப்ப தொடவே மாட்டா. சரி வைங்க, நான் திங்கறேன்.

நேத்து அவரு இங்க வந்து இவளைப் பாத்துக்க வேண்டிய நாளு. நான் கண்ணாடிக் கடையில ஒருத்தருக்கு பிரேம் மாட்டி விட்டுட்டு இருக்கேன், போன் அடிக்குது. உன் பொண்ணு வாந்தி எடுக்கறா, உடனே வான்னு சொல்றாரு. கவனிச்சீங்களா? சிரிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நின்னா என் பொண்ணு. வாந்தி எடுத்தா உன் பொண்ணு.

ஓடி வந்தா, புள்ள துவண்டு கிடக்கு, உடம்பு அனலா கொதிக்குது. ஐயா பால்கனியில நிக்கறாரு, கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டு. அங்கேர்ந்தே போனைப் பாத்துப் படிக்கறாரு, உடம்புல தண்ணி வத்தினா ஆபத்தாம். அடேயப்பா! அந்தத் தண்ணியக் குடுக்க மட்டும் உள்ள வர முடியல.

சிரிங்க, பரவால்ல. நேத்து எனக்கு சிரிப்பு வரல. ஏன்னா இவ அழுதா, கண்ணீர் வரல. வாய் மட்டும் கோணுது. டயப்பரத் தொட்டா, காலையில கட்டினது அப்பிடியே காஞ்சிருக்கு. அள்ளிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். புள்ள என் தோள்ல, பை என் கையில. அவரு? கார் சாவியைத் தூக்கிட்டு வந்தாரு, பாவம், கனமா இருந்திருக்கும்.

ட்ரிப் ஏத்த நரம்பு தேடினாங்க, இவ வீல்னு கத்தினா. பின்னால தொப்புனு ஒரு சத்தம். வேற யாரு, அவருதான்! நர்ஸம்மா இவளை விட்டுட்டு அவரு மூஞ்சில தண்ணி தெளிக்கறாங்க.

சாயங்காலம் டயப்பர் நனைஞ்சுது. மூத்திரம் போனதுக்கு யாராவது அழுவாங்களா? நான் அழுதேன்.

காலையில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, இப்ப காய்ச்சல் விட்டுருக்கு. உப்பு சக்கரைப் பொடி கரைச்ச தண்ணிதான், ஒவ்வொரு ஸ்பூனா. பாவமா இருக்கேன்னு மடமடன்னு குடுத்தீங்கன்னா அத்தனையும் உங்க மேலயே திரும்பி வரும். வாந்தி எடுத்தா கொஞ்ச நேரம் விட்டுட்டு மறுபடி குடுக்கணும். நல்லா கேட்டுக்கோங்க.

அவரு கீழ கார்லயே இருக்காரா? நெனைச்சேன். அதான் உங்ககிட்ட சொல்றேன். அடுத்த மாசம் நீங்க அவரைக் கட்டிக்கிட்டதும் சனி ஞாயிறு இவ உங்க வீட்லதானே இருக்கப் போறா? எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க, அவரை நீங்களே வச்சுக்கோங்க. இவளுக்கு அங்க ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான். இந்தாங்க, இவளை வாங்கிக்கோங்க. தூங்கறா, கழுத்துக்கு அடியில கை குடுங்க. துணி கெட்டா துவைச்சுக்கலாம்.