மேலிடத்து உத்தரவு

எனக்குப் புத்தகம் வாங்கும் பழக்கமே கிடையாது ஐயா. ஆசைப்பட்டு வாங்கியது அந்த ஒன்றைத்தான். மாய உலகக் கதைகள் எழுத விரும்புகிறவர்களுக்கு, அந்த உலகத்தை எப்படிக் கட்டி எழுப்புவது என்று சொல்லித்தரும் கையேடு. டிராகன், மந்திரவாதி எல்லாம் அப்புறம். அங்கே ஆள்வது யார், ஜனங்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரியாமல் ஒரு வரிகூட எழுதக்கூடாதாம். நானும் எழுதவில்லை.

"நாவல் எழுதுறேன்னு வருஷக்கணக்கா தலையைச் சொறியறீங்க. அந்தத் தலையையாவது மிச்சம் வைங்க" என்பாள் என் மனைவி. எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நான்தான் மேலாளர். முதலாளி வெளிநாட்டில், வாடகை போய்ச் சேர்ந்தால் வாய் திறக்க மாட்டார். ஒருநாள் முதல் மாடித் தையல்காரர் படிக்கட்டில் துணி மூட்டைகளை அடைத்து வைத்திருந்தார். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "மேலிடத்துல கோபமா இருக்காங்க" என்று சும்மா சொல்லிவைத்தேன். மனிதர் முகம் வெளிறிவிட்டது. சாயங்காலத்துக்குள் படிக்கட்டு பளிச்சென்று ஆகிவிட்டது. மேலிடம் என்று எதுவும் கிடையாது ஐயா. எங்களுக்கு மேலே தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது.

அன்றிலிருந்து காகிதத்தை விட்டுவிட்டுக் கட்டடத்திலேயே எழுத ஆரம்பித்தேன். உலகத்துக்கு ஒரு வரலாறு வேண்டும் என்றது கையேடு. மேலிடம் முன்பு ஒரு கட்டடத்தையே இரவோடிரவாகக் காலி செய்த கதையைத் தையல்காரர் காதில் போட்டேன். மற்றதை அவர் பார்த்துக்கொண்டார். மேலிடத்துக்கு ஒரு கண் தெரியாது என்று யாரோ சேர்த்துவிட்டது, சுற்றி வந்து என் காதிலேயே விழுந்தது. பெற்ற பிள்ளை முதல் வார்த்தை பேசியது போல் இருந்தது.

விதியை மீறினால் தண்டனை வேண்டும் என்றது இன்னோர் அத்தியாயம். யார் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் நீல நாடா கட்டியிருக்கிறதோ, அவரோடு ஒரு வாரம் யாரும் பேசக்கூடாது. அவருக்குக் கதவு திறக்கக்கூடாது. மீறுகிறவர்கள் வீட்டைக் காலி செய்யவேண்டும். இது மேலிடத்து உத்தரவு என்று சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாண்டுகள்கூடச் செருப்பை வரிசையாக விட்டன.

மூன்றாம் மாடி வயலின் வாத்தியார் மட்டும் ஒருநாள் என்னை நிறுத்திக் கண் சிமிட்டினார். "மேலிடமும் இல்ல, கீழிடமும் இல்ல. எல்லாம் நீங்க விடற கதை. ஆனா நல்லாவே விடறீங்க சார்."

தங்கமான மனிதர். அவர்மேல் எனக்கு எள்ளளவும் கோபமில்லை. ஆனால் உலகத்தை நம்பாதவனை அந்த உலகம் என்ன செய்யும் என்று கையேட்டில் ஒரு பயிற்சி இருந்தது. அன்றே அவர் கதவில் நாடா கட்டினேன்.

அந்த வாரமே ஒரு காலையில் அவருக்கு நெஞ்சுவலி. தனி ஆள். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே படியிறங்கி வந்தார். தையல்காரர் வீட்டில் டிவி சத்தம் கூடியது, எனக்குக் கேட்டது. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. எத்தனை எழுத்தாளர்களுக்கு இப்படிப்பட்ட வாசகர்கள் வாய்ப்பார்கள், சொல்லுங்கள்.

கடைசிக் கதவு தரைத்தளத்தில் என்னுடையது. கதவில் வாயை வைத்து, "சார்... நீங்க எழுதின கதைதானே... நீங்களாவது திறங்க" என்றார்.

என் மனைவி கடையிலிருந்து திரும்பியபோது எங்கள் வாசலில் சாய்ந்து கிடந்தார். உயிர் இல்லை.

ஆமாம் ஐயா, நான் உள்ளேதான் இருந்தேன். ஆனால் என்னை எழுத்தாளன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. பூரித்துப்போய் நின்றதில் திறக்க மறந்துவிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மேல்தாழ்ப்பாளையும் போட்டேன் என்பதை, வேண்டுமானால், ஓரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.