சிவப்புத் துணி கட்டிய சுவிட்ச்

தெஹியோவிட்டையிலிருந்து அவிசாவளைக்குப் போகும் பஸ். முன் சீட்டுப் பெண், "பழுதுன்னு தெரிஞ்சேதான் ப்ளேன எடுத்தாங்க தம்பி" என்றதும் நான் பத்திரிகையை மடித்துவிட்டேன். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுப் போன வாரம்தான் வந்திருக்கிறார். அவர் பக்கத்தில் இருந்தவர் அவர்கள் தோட்டத்து ரப்பர் பெக்டரியின் எலக்ட்ரீசியன்.

"ரெண்டு ஜெனரேட்டர்ல ஒன்னு வேல செய்யலயாம். ப்ளேன்ல பக்கத்து சீட்டுக்காரர் ஏர்போர்ட்ல வேல செய்றவரு, அவருதான் சொன்னாரு."

"ஒன்னு இருந்தா போகலாங்க்கா. எதெது பழுதா இருந்தா பறக்கலாம்னு அவங்களுக்குப் புத்தகமே இருக்கு. கேப்டன் பாத்துக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

"போட்டாரு. நடுவானத்துல மத்ததும் நின்னுபோச்சு. ஒரே இருட்டு. கொஞ்ச நேரங்கழிச்சு வேற ஒரு மெசின் போட்டுத்தான் லைட் வந்திச்சு."

"நம்ம பெக்டரியிலயும் அப்படித்தான். கை மாட்டினா ரோலர நிப்பாட்டுற சுவிட்ச் பழுது. பழுதுன்னு தெரிய செவப்புத் துணி கட்டி வச்சிருக்கேன். மெயின் சுவிட்ச் அந்தக் கோடியில இருக்குதானே, ஓடிப்போய் நிப்பாட்டிக்கலாம்னு தோட்டத்த நடத்துற தொர கையெழுத்துப் போட்டுட்டாரு."

"எத்தன நாளா?"

"பொங்கலுக்கு முந்தி கட்டினது. துணி வெளுத்தே போச்சு."

"அந்த ரோலர்ல இப்ப யாரு?"

"ஒங்க தங்கச்சிதான்."

பஸ் பாலத்தைக் கடந்தது.

"கையெழுத்துப் போட்ட கேப்டன் அதே ப்ளேன்லதான் தம்பி இருந்தாரு" என்றார் அந்தப் பெண். "நம்ம தொர எங்க இருக்காரு?"

"பங்களாவுல."